கொர்வாலி காரின் வலது கன்னம்

ரெஜ்ஜோ,
3 நவம்பர் 1987

மரியாதைக்குரிய மச்சான் எர்மெஸ் அவர்களுக்கு,

நெரியோ எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை தீர்ச்சேயும் முழங்கால் நீங்கலாக நலம். அங்கே உங்கள் உடம்பும் அதே அளவில் இருக்கும் என்று நம்புகிறேன். முப்பத்திரண்டு வருடமாகப் பேசாதவன் திடீரென்று எழுதுகிறானே என்று பயப்பட வேண்டாம். யாரும் சாகவில்லை. விஷயம் கார்.

நம் கொர்வாலி முதலாளி 1955இல் செய்த ஆறு பந்தயக் கார்களில் ஐந்து போன இடம் தெரியவில்லை. ஆறாவது, பார்மா பக்கம் ஒரு கோழிக்கொட்டகையில் கிடைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்துப் பல் வைத்தியர் ஒருவர் அதை வாங்கி, உங்கள் மோதெனாவில் பழைய கார்களைப் புதுப்பிக்கும் தார்ச்சீசியோவிடம் விட்டிருக்கிறார். கோழி எச்சத்தைக் கழுவியதும்தான் தெரிந்திருக்கிறது, முன்சக்கரத்துக்கு மேலே வலது பக்கத் தகடு இடதைவிட ஒன்றரை விரல் உப்பியிருப்பது. பல் வைத்தியருக்கு எதுவும் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் தூக்கம் வராதாம். எந்தப் பக்கம் தப்பு என்று செய்தவர்களே கையெழுத்திட்டுச் சொன்னால், அதை அடித்துச் சரியாக்கிவிடலாம் என்கிறார். செய்தவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

நம்மைக் கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. அந்தக் காருக்கு வரைபடம் கிடையாது. தோரினோவிலிருந்து வந்த வடிவமைப்பாளர் பட்டறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்து, "ஓடுற பூனையோட முதுகு மாதிரி இருக்கணும்" என்று சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார். கம்பிக் கூடு கட்டி, அலுமினியத் தகட்டை மரக்கட்டையில் வைத்துத் தட்டித் தட்டி வளைத்தது நாம், ஆளுக்கு ஒரு பக்கம். முதல் ஐந்து கார்களிலும் நீங்கள் தட்டியதை நான் தடவிப் பார்ப்பேன், நான் தட்டியதை நீங்கள் தடவிப் பார்ப்பீர்கள், இரண்டும் ஒத்துப்போகும். ஆறாவது கார் செய்த வாரம்தான் என் நிச்சயதார்த்த விருந்து. சூப்பில் மிதந்த தொர்தெல்லினிக் கொழுக்கட்டைகளில் ஒன்றைக் கடித்து, உள்ளே கறியோடு என் அம்மா எங்கள் ஊர் வழக்கப்படி ரொட்டித்தூள் சேர்த்திருப்பதைக் கண்டுபிடித்து, இருபது பேர் முன்னால் நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை. "ரொட்டியத் தின்னவா என் தங்கச்சிய ரெஜ்ஜோவுக்குக் கட்டிக் குடுக்கறேன்?" அன்றோடு பேச்சு நின்றது, தடவிப் பார்ப்பதும் நின்றது. கல்யாணத்துக்கு வந்தீர்கள், சாப்பிடவில்லை.

நான் நின்றது ஜன்னலோரம். காரின் மூக்கு வாசலைப் பார்த்து இருந்தது. ஆக, ஜன்னல் பக்கம் இடது. தார்ச்சீசியோ அனுப்பிய போட்டோவில் அந்த இடது பக்கம் எவ்வளவு அடக்கமாக இருக்கிறது! வலது பக்கமோ பல்வலி வந்த கன்னம். கோபத்தில் தட்டினால் தகடு மெலிந்து உப்பத்தான் செய்யும், தொழில் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குறை சொல்லவில்லை, யானைக்கும் அடி சறுக்கும். இத்துடன் உள்ள தாளில் 'வலது பக்கம் தப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழே உங்களுடையதையும் போட்டுத் தார்ச்சீசியோவிடம் கொடுங்கள். பதினாறாம் தேதி சுத்தியல் எடுக்கிறானாம்.

உங்கள் வீட்டம்மாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பு. உங்கள் ஊர்ப் புனிதர் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், கண்பார்வையையும் தரட்டும்.

இப்படிக்கு,
பழையதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்ட
நெரியோ

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தீர்ச்சே பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அதே வாரம், அதே கார். செய்தித்தாள் தொப்பியோடு ஜன்னலோரம் நான் தட்டிக்கொண்டிருக்கிறேன். காரின் மூக்கு வாசலைப் பார்க்கவில்லை, உள்சுவரைப் பார்க்கிறது. அப்படியானால் ஜன்னல் பக்கம் வலது.

"எங்கண்ணன் கோபத்துல தட்டினாருன்னு எழுதியிருக்கீங்களே, அப்போ கோபத்துல தட்டினது யாரு?" என்று கேட்டாள்.

தார்ச்சீசியோவின் போட்டோவை இப்போது நன்றாகப் பார்த்தால் வலது பக்கம்தான் பூனை முதுகு மாதிரி இருக்கிறது. தாளில் 'வலது' என்பதை அடித்து 'இடது' என்று எழுதப் போனேன். தீர்ச்சே பேனாவைப் பிடுங்கிக்கொண்டு தாளைக் கிழித்துவிட்டாள். இந்தப் பி.கு. எழுத மட்டும் திருப்பித் தந்திருக்கிறாள். இப்போது உறையில் இருப்பது அவள் எழுதிய தாள்: இரண்டு பக்கமும் சரி, யாரும் தொடக் கூடாது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்களும் போடுங்கள் மச்சான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள். ரொட்டித்தூள் இருக்காது.