முத்திரை வாங்கிய சட்டை

சட்டை என்பது முன்பக்கம் திறப்பது. இந்தப் பேருண்மையை உலகம் மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே உடைப் பாதுகாப்பு அலுவலகம் தினமும் பத்து மணிக்குத் திறந்தது.

தையல்காரியின் கணவருக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. சட்டைக்குள் அந்தக் கையைத் திணிக்கும்போதெல்லாம் தோள்பட்டை உயிரை வாங்கியது. பார்க்கப் பொறுக்காமல் அவளே ஒரு சட்டை தைத்தாள். தோளும் முதுகும் முழுக்கத் திறக்கும். கையைத் தூக்காமலே மாட்டி, ஒட்டுப்பட்டையால் ஒட்டிவிடலாம். வீட்டில் அவர் முனகவே இல்லை. ஆனால் பகலில் அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் பராமரிப்பு இல்லம், அந்த அலுவலகத்தின் முத்திரை இல்லாத உடையைத் தொடவே மாட்டோம் என்றது.

அலுவலகத்தில் அதிகாரி சட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"பொத்தான் எங்கம்மா?"

"இல்ல சார். அதுதான் சௌகரியமே."

"படிவத்துல பொத்தான் எத்தனைன்னு கேட்டிருக்கே. பூஜ்யம்னு எழுதினா, நான் எதைப் பாதுகாப்பானதுன்னு சொல்றது?"

"அவரால கையத் தூக்க முடியாது சார்."

"முடியாதுன்னு அவரே வந்து, வலது கையத் தூக்கி உறுதிமொழி சொல்லணும். விதி பன்னிரண்டு."

ஆறு வாரம் நடையாய் நடந்தாள். கடைசியில் நெஞ்சுப் பக்கம் ஐந்து பொத்தான்களைச் சும்மா தைத்துக் கொண்டுபோனாள். மூவர் குழு கூடியது. பொத்தான்கள் எதையும் திறக்காததால் விபத்துக்கு இடமே இல்லை என்று ஒருமனதாக மகிழ்ந்தது. அதிகாரி சட்டையின் நெஞ்சில் நீல மையால் முத்திரை குத்தினார்.

"துவைச்சா போயிடாதா சார்?"

"போயிடும். அதனால துவைக்கக் கூடாது. முத்திரை போச்சுன்னா அனுமதியும் போச்சு."

"வேர்வை படுமே?"

"உள்ள ஒரு சட்டை போடுங்க."

"சாப்பிடறப்ப சிந்துவாரு சார்."

"மேல ஒண்ணு போடுங்க. இதெல்லாமா நான் சொல்லித் தரணும்?"

மறுநாள் இல்லத்துச் செவிலி விதி பிசகாமல் உடுத்தினாள். கையை முறுக்கி உள்சட்டை. அலுங்காமல் நலுங்காமல் முத்திரைச் சட்டை. மறுபடி கையை முறுக்கி மேல்சட்டை.

மாலையில் அழைத்துப்போக வந்த மனைவியைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நடுவுல போட்டது மட்டும் கொஞ்சம்கூட வலிக்கலைம்மா" என்றார்.

அவள் பதறிப்போய் மேல்சட்டையின் பொத்தான்களைக் கழற்றினாள். முத்திரை அழியாமல் அப்படியே இருந்தது. அப்பாடா என்று மறுபடி பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.