கூடத்தில் மூன்று வரிசை

பாதி வீட்டுக்குள்ளும் பாதி வெளியிலுமாக அந்த பஸ் சீட் வாசற்படியில் சிக்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே நின்று அதை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தவன் பஸ் கட்டும் பட்டறையில் பதினெட்டு வருடமாக சீட் பொருத்துகிறவன். பட்டறையில் அவனுக்கு மிளகாய் என்று பெயர். அவன் காதுபட யாரும் சொன்னதில்லை. ஒரு வண்டிக்குள் ஐம்பத்திரண்டு பேரைக் கச்சிதமாக உட்கார வைப்பதில் மிளகாயை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவன் வீட்டில் இருந்தவை இரண்டே நாற்காலிகள்.

"கதவைக் கழட்டிட்டா உள்ள வந்துடும்" என்றாள் கூடத்தில் நின்றிருந்த மனைவி.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, கதவைக் கழற்றினான்.

எல்லாம் அக்காவுக்காகத்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் குடும்பத்தோடு வந்தவள், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "வேலை இருக்குடா" என்று கிளம்பிப் போனாள். அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. அம்மா போன பிறகு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவனுக்கென்று இருக்கும் ஒரே ரத்த உறவு. நாற்காலி இல்லாத வீடு என்று ஒதுக்கிவிட்டாளே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. நேற்று போன் செய்து, "நாளைக்கு சாயந்திரம் அந்தப் பக்கமா வர்றோம். தலையைக் காட்டிட்டுப் போயிடறோம்" என்றாள்.

"தலையைக் காட்டறாளாம். நாலு பேரையும் உட்கார வச்சு, நாலு நாள் தங்க வைக்கலேன்னா என் பேரை மாத்திக்கறேன்."

"அவங்க கிளம்பினது நாற்காலியால இல்லீங்க..."

"நீ சும்மா இரு."

பழைய வண்டியிலிருந்து கழற்றிய, இரண்டு பேர் உட்காரும் சீட்டுகள் மூன்று. முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருந்தான். பஸ் சீட்டுக்கு ஒரு பக்கம்தான் கால் இருக்கும். மறுபக்கத்தை வண்டியின் சுவரில் முடுக்குவார்கள். பதினெட்டு வருடம் பொருத்தியவனுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் கையை எடுத்ததும் சீட் சாய்ந்து அவன் பாதத்தில் விழுந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

நொண்டிக்கொண்டே சுவரில் துளை போட்டான். மூன்றாவது துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு அவன் முகத்தில் அடித்தது.

கீழ் வீட்டு டீச்சர் தலையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். "எங்க கூடம் ஒழுகுதுங்க."

"குடை பிடிச்சுக்குங்க."

மனைவி ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டாள். மாடித் தொட்டியின் குழாயை அடைத்ததும் கட்டடம் முழுக்கத் தண்ணீர் நின்றது. ஆறு வீட்டுக்காரர்களும் வந்து கதவில்லாத வாசலில் நின்று கத்தினார்கள். ஆறு பேருக்கும் தனித்தனியாகத் திருப்பிக் கத்தினான்.

எதிர்ச் சுவரில் குழாய் கிடையாது. அங்கே மூன்று சீட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கினான். மூன்றாவது வரிசை அலமாரியை மறித்தது. அலமாரிக் கதவையும் கழற்றினான். பத்து வருடத்துப் பழந்துணி மொத்தமும் அவன் மேல் சரிந்தது.

"ஏங்க, எல்லா சீட்டும் சமையலறையப் பார்த்துல்ல இருக்கு? வந்தவங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துப் பேச வேணாமா?"

"ஒத்தைக்கால் சீட்டை எப்படித் திருப்பிப் போடறது? நீ போட்டுக் காட்டேன்."

கதவு இல்லாததால் அக்கா தட்டாமலே உள்ளே வந்துவிட்டாள். பின்னாலேயே, வாய் திறந்து பேசுவதே அபூர்வமான அத்தானும், கல்லூரி போகும் மகளும் மகனும்.

"என்னடா இது?"

"பார்த்தா தெரியல? உட்காருங்க."

பிள்ளைகள் நடு வரிசையில் உட்கார்ந்தார்கள். அக்காவும் அத்தானும் கடைசி வரிசைக்குப் போனார்கள். மிச்சமிருந்த முன் சீட்டில் மிளகாய் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பின்னால் நடப்பது தெரியவில்லை. எதிரே சமையலறைச் சுவரில் கடிகாரம் மட்டும் தெரிந்தது. அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவாள் என்று முள்ளையே முறைத்துக்கொண்டிருந்தான்.

டீச்சர் வீட்டில் இருந்த குடத்துத் தண்ணீரை வாங்கி மனைவி டீ போட்டுக் கொடுத்தாள். "சில்லறையா குடுங்க" என்று அக்கா மகள் கண்டக்டர் குரலில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குக் காது சுட்டது. அரை மணி ஆயிற்று. ஒரு மணியும் ஆயிற்று. அவன் சின்ன வயதில் மாவு டப்பாவுக்குள் ஒளிந்த கதையை அக்கா சொல்லி முடித்தாள்.

இதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரியாத குரலில் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "போகணும்னா போங்க. என் வீடு யாருக்கும் உட்கார லாயக்கில்ல. நான் யாரையும் பிடிச்சு வைக்கல."

கடைசி வரிசையில் அத்தான் தொண்டையைக் கனைத்தார்.

"போன தடவையும் நாலு நாளைக்குத் துணி எடுத்துட்டுத்தான் வந்தோம், மச்சான். இந்த மூஞ்சிக்கு நேரா உட்கார முடியாமத்தான் கிளம்பினோம். இப்ப உன் பின்மண்டைதானே தெரியுது, அப்படியே திரும்பாம இரு. நான் போய் கீழ வண்டியில இருக்கற பெட்டிய எடுத்துட்டு வர்றேன்."