கியாரண்டி மச்சானும் மூட்டையின் தொப்பையும்

“நான் கியாரண்டி குடுக்க முடியாத விஷயம் இந்த உலகத்துல இன்னும் பொறக்கல.”

இதைச் சொன்னவர் கடவுள் அல்லர். துவைக்கும் இயந்திரம் விற்கும் கடையொன்றின் மூத்த விற்பனையாளர். சொன்ன இடமும் மலை உச்சி அல்ல. கடையின் பின்பக்கம், காலி அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே டீ குடிக்கிற மூலை. கேட்டுக்கொண்டிருந்த மூன்று ஊழியர்களில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால், அந்த மறுப்பு தப்பு என்பதற்கும் ஒரு கியாரண்டி கொடுப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

வாசகரே, இந்த இனத்துக்குக் கியாரண்டிக்காரர் என்று பெயர். பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். பொய்யருக்கு உண்மை எது என்று தெரியும். இவருக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. மழை வராது என்பார். நீங்கள் குடையை வைத்துவிட்டுக் கிளம்புவீர்கள். தொப்பலாக நனைந்து திரும்பும்போது, பக்கத்திலேயே தானும் நனைந்தபடி வந்து, “இது மழையில்ல, தூறல்” என்பார். பழக்கடையில் தர்பூசணியைத் தட்டிப் பார்த்து உள்ளே சிவப்பு என்பார், யாரோ எழுதிய பரீட்சைக்கு முடிவு சொல்வார், வலிக்கிற பல்லை வாய்க்கு வெளியே நின்றே ஆராய்ந்து பிடுங்க வேண்டியதில்லை என்பார், முன்பின் பார்த்திராத பிளம்பரின் நாணயத்துக்குத் தன் தலையையே பணயம் வைப்பார். கம்பெனி துவைக்கும் இயந்திரத்துக்கு இரண்டு வருடம் கொடுக்கிறது. நம்மவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கம்பெனியை விடுங்க, நான் சொல்றேன், பத்து வருஷம்” என்பார். வாங்குகிறவர்களும் கம்பெனியை விட்டுவிடுவார்கள். தலை போன கணக்கு எடுத்தால் அவருக்கு இதுவரை நாற்பது தலையாவது போயிருக்கும். ஆனால் தினமும் காலையில் ஒரு தலையை நேர்த்தியாக வாரிக்கொண்டுதான் கடைக்கு வருகிறார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு தங்கை. தங்கைக்கு ஒரு கணவர், நகரப் பேருந்து ஓட்டுநர். நாளெல்லாம் ஹாரனையும், படியில் தொங்குகிறவர்களின் வசவையும் காதில் வாங்கிவிட்டு வருகிற அந்த மனிதருக்கு, வீட்டில் பேசாத ஒரு ஜீவன் வேண்டும் என்று ஆசை வந்தது. கினிப்பன்றி வளர்க்கப்போகிறேன் என்றார். கினிப்பன்றி என்பது பன்றியும் இல்லை, முழு எலியும் இல்லை. வாலையும் கழுத்தையும் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் பிறந்த, ஒரு ரொட்டி அளவு ரோமப் பொட்டலம். ஒன்றைத் தனியாக வளர்த்தால் ஏங்கிப்போகும், இரண்டாக வாங்க வேண்டும்.

தங்கை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “ரெண்டு வரட்டும். ஆனா ரெண்டு ரெண்டாவே இருக்கணும். மூணாவது ஒண்ணு வந்துச்சு, யாராவது ஒருத்தர் இந்த வீட்டை விட்டு வெளில போயாகணும்.”

அண்ணன் துணைக்குக் கிளம்பிவிட்டார். யாரும் கூப்பிடவில்லை.

பிராணிகள் விற்கும் கடைக்காரர் நல்ல மனிதர். “ரெண்டுக்கும் ஒரு வயசு இருக்கும் சார். வேற வேற வீட்லேருந்து நேத்துதான் வந்தது. ஆணா பொண்ணான்னு எனக்குச் சரியாத் தெரியல. டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிக்குங்க” என்றார்.

‘தெரியல’ என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் முகம், சபையில் யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போலச் சுருங்கியது. ஒன்றைத் தூக்கினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். இயந்திரத்தைச் சாய்த்துத் தண்ணீர் போகும் குழாயைத் தேடுவதுபோல மூன்று விநாடி பார்த்தார்.

“ரெண்டும் ஆம்பளை. நான் கியாரண்டி.”

“இன்னொண்ணைப் பாக்கவே இல்லையே மச்சான்.”

“இதைப் பாத்தா அதைப் பாத்த மாதிரி, மாப்பிள்ளை.”

வீட்டுக்கு வந்தன. குளிர்பெட்டிக் கதவு திறக்கும்போதெல்லாம் கீச்சென்று ஊதிய பழுப்பு நிறத்துக்கு விசில் என்று பெயர் வந்தது. வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருந்த வெள்ளைக்கு மூட்டை. பணி முடிந்து வரும் ஓட்டுநர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தரையில் மண்டியிட்டு, “மூட்டை, இன்னைக்கு எத்தனை சிக்னல் தெரியுமா” என்று ஆரம்பிப்பார். மனைவியிடம் அவர் அவ்வளவு பேசியதில்லை.

ஆறாவது வாரம் மூட்டை உண்மையிலேயே மூட்டையானது. இரண்டு பக்கமும் பிதுங்கி, மேலிருந்து பார்த்தால் யாரோ மிதித்த தலையணை மாதிரி இருந்தது. ஓட்டுநர் கலங்கிப்போய் மச்சானைக் கூப்பிட்டார். டாக்டரை அல்ல. இந்த இனத்தின் வெற்றி எங்கே இருக்கிறது என்று புரிகிறதா?

“தொப்பை. உக்காந்தே இருந்தா வராதா? சாப்பாட்டைப் பாதியாக் குறைங்க, காலைல நடக்க விடுங்க. ஒரே வாரத்துல வடிஞ்சிடும். நான் கியாரண்டி.”

ஆக, ஒரு வாரம் அந்த வீட்டுக் கூடத்தில், கைலி கட்டிய பேருந்து ஓட்டுநர் ஒருவர் குடைமிளகாய்த் துண்டை நீட்டியபடி பின்னோக்கித் தவழ்ந்தார். அதை எட்டிப் பிடிக்க ஒரு நிறைசூலி மூச்சு வாங்க நடந்தாள். எட்டாம் நாள் தங்கை குறுக்கே நின்றார். “நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அது வயித்துக்குள்ள ஏதோ நகருது.”

கால்நடை மருத்துவர் ஓர் அம்மையார். மூட்டையின் வயிற்றை இரண்டு விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு எடை போட்டார். பிறகு நிமிர்ந்தார். “இன்னும் ரெண்டு, மூணு வாரத்துல குட்டி போட்டுடும். யாரு இதைப் பட்டினி போட்டது?”

ஓட்டுநர், பேருந்தின் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதுபோல மெதுவாகத் தலையைத் திருப்பினார். இடப்பக்கம் மச்சான் நின்றிருந்தார்.

“நான் பத்தியம் சொன்னது ஆம்பளைக்கு” என்றார் மச்சான். “பொம்பளைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வேற சொல்லியிருப்பேன்.”

“யாரு சொல்லியிருக்கணும்?”

“அதான் நானும் கேக்கறேன்.”

மருத்துவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆணை உடனே பிரித்து வைக்க வேண்டும், காய்ந்த புல் எந்நேரமும் இருக்க வேண்டும், குடைமிளகாயும் கீரையும் குறைக்கவே கூடாது, சும்மா சும்மா தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, கடைசியாகக் குரலை மாற்றினார். “முதல் பிரசவத்துக்கு இவளுக்கு வயசு கூடிப்போச்சு. எலும்பு விரிஞ்சு குடுக்காம போகலாம். முக்க ஆரம்பிச்சு கால் மணி நேரத்துல குட்டி வரலைன்னா, ஒரு நிமிஷம் காத்திருக்காம தூக்கிட்டு வந்துடுங்க. இல்லைன்னா அவளைப் பாக்க மாட்டீங்க.”

நிபந்தனைப்படி ஒருவர் வீட்டை விட்டு வெளியேற வேண்டுமே? தங்கை தீர்ப்பை நிறைவேற்றினார். விசிலை ஒரு பெட்டியில் போட்டு பால்கனிக்கு அனுப்பினார். “பண்ற வேலையைப் பண்ணிட்டு ஊதறியா? கிட அங்கயே.” மூட்டைக்குத் தன் பழைய பருத்தி நைட்டியைக் கிழித்து மெத்தை போட்டதும் அவரேதான். ஓட்டுநர் டிப்போவில் விடுப்புக் கேட்டார். காரணம் என்ற இடத்தில் ‘வீட்டில் பிரசவம்’ என்று எழுதினார். ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குக் கிடைத்த கைகுலுக்கல்களை அவர் மறுக்கவும் முடியவில்லை, விளக்கவும் முடியவில்லை.

நம்மவர்? ஒரு கியாரண்டி பொய்த்துப்போனால் சாதாரண மனிதன் கொஞ்ச நாள் தலைமறைவாக இருப்பான். கியாரண்டிக்காரர் பழசை ஈடுகட்டப் புதுசாக ஒன்று கொடுப்பார். தினமும் கடை விட்டதும் வந்து, மூட்டையைப் பார்த்து, “சுகப் பிரசவம். நான் கியாரண்டி” என்று சொல்லிவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மூட்டை முதுகை வளைத்து முக்கத் தொடங்கினாள். ஓட்டுநர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பத்தே கால். கூடையை எடுத்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்று வழிமறித்தார், ஞாயிறு என்பதால் காலையிலேயே வந்திருந்த மச்சான். “இந்த நேரத்துல வண்டியில வச்சு உலுக்குவாங்களா? எல்லாம் தானா வரும். நான் இருக்கேன்ல?”

“டாக்டர் கால் மணின்னாங்க மச்சான்.”

“டாக்டர்னா அப்படித்தான் சொல்வாங்க. பதறாம உக்காருங்க. நான் கியாரண்டி.”

ஓட்டுநர் கூடையைக் கீழே வைத்தார். தொப்பை விஷயத்தில் பட்டும், ஏன் வைத்தார்? பன்னிரண்டு வருடமாக மச்சானின் கியாரண்டிகளை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் ஏன் நம்பினார்? பயந்தவனுக்கு உறுதியான குரல் ஒன்று வேண்டும். அது யார் குரல் என்று அந்த நேரத்தில் அவன் பார்ப்பதில்லை. கியாரண்டிக்காரரைப் பெற்றது அவருடைய தாய்தான்; வளர்த்தது நாம்.

பத்தரை. பத்தே முக்கால். பதினொன்று பத்துக்கு மூட்டை முக்குவதை நிறுத்திவிட்டாள். கண் திறந்தபடி இருந்தது, காது அசையவில்லை. தங்கை மூட்டையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். ஆண்கள் இருவரும் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

மருத்துவர் தொட்டுப் பார்த்ததும் உதவியாளரிடம் அறுவைக்குத் தயார் செய்யச் சொன்னார். கதவை மூடுமுன், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், “ஒரு மணி நேரம் முன்னாடி வந்திருக்கலாம்” என்றார்.

வெளியே மர பெஞ்சு. எதிர்ச் சுவரில் பூனைகளுக்கான தடுப்பூசி அட்டவணை. ஓட்டுநர் அதை நான்கு முறை படித்தார். பிறகு, அந்த வீட்டில் யாருமே கேட்டிராத ஒன்றைக் கேட்டார். இதுவரை மச்சானின் கியாரண்டிகளெல்லாம் கேளாமலே வந்தவை.

“மச்சான். பொழைச்சிடும்னு ஒரு கியாரண்டி குடுங்களேன்.”

கிண்டல் இல்லை. கண் கலங்கியிருந்தது.

நம்மவர் வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. உள்ளே அந்த வாக்கியம் தயாராகத்தான் இருந்திருக்கும். ஆனால் வெளியே வரவில்லை. வாய் மூடிக்கொண்டது. தன் கால்களைப் பார்த்தார். வலக்காலில் மாப்பிள்ளையின் செருப்பு இருந்தது.

மூன்று குட்டிகள். மூன்றும் உயிரோடு, உடம்பெல்லாம் ரோமத்தோடு, கண்ணை அகலத் திறந்துகொண்டு, புகார் கொடுக்க வந்தவர்களைப் போல எல்லோரையும் முறைத்தன. மூட்டை துண்டில் சுருண்டு கிடந்தாள். “உயிர் இருக்கு. ஆனா தானா சாப்பிட ஆரம்பிச்சாத்தான் எதையும் சொல்ல முடியும். அதுவரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ ஊட்டணும்” என்றார் மருத்துவர்.

“எவ்ளோ ஊட்டணும்? எந்தப் பக்கமா? துப்பிட்டா என்ன பண்ணணும்?” என்று கேட்டது நம்மவர். பதில்களை, சட்டைப் பையில் இருந்த கடையின் கியாரண்டி அட்டை ஒன்றைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் எழுதிக்கொண்டார்.

கடைக்கு மூன்று நாள் விடுப்பு. ஊசி இல்லாத சிரிஞ்சில் கரைத்த உணவை ஏற்றி, மூட்டையின் வாயோரத்தில் வைத்து, ஒவ்வொரு சொட்டாக உள்ளே விட்டார். துப்பினாள். துடைத்துவிட்டு மறுபடி விட்டார். தங்கை ஒருமுறை எட்டிப் பார்த்து, “அண்ணா, பேசாமலே ஊட்டறியே, உடம்பு சரியில்லையா?” என்றார். அவர் அடுத்த சொட்டை விட்டார்.

மூன்றாம் நாள் காலை. ஓட்டுநர் சும்மா ஒரு குடைமிளகாய்த் துண்டை மூட்டையின் மூக்கருகே வைத்தார். மூக்கு ஆடியது. மீசை ஆடியது. நறுக்கென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. குட்டிகள் மூன்றும் ஓடி வந்து மறுமுனையை இழுத்தன. மூட்டை விட்டுக்கொடுக்காமல் மென்றாள்.

ஓட்டுநர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “மச்சான், பொழைச்சிட்டால்ல? இனிமே பயமில்லைல்ல?”

வாசகரே, ஒரு நிமிஷம். இந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ‘இனிமே ஒண்ணும் ஆகாது’ என்று மனசுக்குள் சொல்லிவிட்டீர்கள், இல்லையா? கினிப்பன்றியின் பிரசவத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? பத்து நிமிஷத்துக்கு முன்னால் அதற்கு வால் உண்டா இல்லையா என்றுகூட நிச்சயமாகத் தெரிந்திருக்காது. போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் யாரிடமோ ‘எல்லாம் நல்லபடியா முடியும், நான் சொல்றேன்ல’ என்றீர்களே, யாரைக் கேட்டுச் சொன்னீர்கள்? உங்கள் வீட்டில் உங்களுக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கும். உங்கள் எதிரே சொல்ல மாட்டார்கள்.

நம்மவர் சிரிஞ்சைக் கழுவித் துணியில் துடைத்தார். அட்டையின் முதுகைப் பார்த்து அடுத்த வேளை எப்போது என்று சரிபார்த்துக்கொண்டார்.

“பாக்கலாம், மாப்பிள்ளை” என்றார்.