ரசமட்டம் பொய் சொல்லாது

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். என் இடது கட்டைவிரல் மட்டும் நலமில்லை. அங்கே உங்கள் பத்து விரலும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்திய கை சும்மா இருக்குமா? ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேனை வாங்கினேன். அதிலேயே படுத்து, அதிலேயே சமைத்து, ஆறு மாதம் ஊர் ஊராகச் சுற்றுவது என்று கல்யாணமான புதிதில் உங்கள் தங்கைக்குக் கொடுத்த வாக்கு. சாமான் வைக்கத் தட்டு வேண்டுமே! தச்சர் வந்து பார்த்துவிட்டு, "நாலு நாள் வேலை சார்" என்றார். நாலு பலகைக்கு நாலு நாளா என்று அவரை அனுப்பிவிட்டு நானே ரம்பத்தை எடுத்தேன்.

பலகை நேராகத்தான் இருந்தது மச்சான், வேன்தான் நேராக இல்லை. அதன் சுவர் சாப்பிட்டு எழுந்தவர் வயிறு மாதிரி வளைந்திருக்கிறது. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்த கரண்டி இன்னும் வெளியே வரவில்லை. சரி, இழுத்துப் பிடிக்கட்டும் என்று நீளத் திருகாணியாகப் பார்த்து முடுக்கினேன், அது சுவரைத் துளைத்துக்கொண்டு தெருப்பக்கம் எட்டிப் பார்த்தது. வேனில் சாய்ந்து நின்ற பக்கத்து வீட்டுத் தையல்காரர் நகர்ந்தார், சட்டை நகரவில்லை. ஊர்ச் சட்டையெல்லாம் தைக்கிறவர் சட்டையைக் கிழித்த பெருமை எனக்கு. அதையும் பொறுத்துக்கொண்டு, ரசமட்டம் வைத்து, நீர்க்குமிழி நட்டநடுவில் நிற்கிற வரை பார்த்துப் பார்த்து நாலு தட்டையும் அடித்து முடித்தேன். ரசமட்டம் பொய் சொல்லாது. ஆனால் எங்கள் தெரு சரிவு என்பதை அதுவும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

சாமானெல்லாம் அடுக்கி, உங்கள் தங்கையை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் போனோம். சமதரைக்கு வந்தோமோ இல்லையோ, நாலு தட்டும் சறுக்குமரம் ஆகிவிட்டன. முதலில் டீத்தூள், அப்புறம் சர்க்கரை, கடைசியில் மேல்தட்டு வாணலி. எல்லாம் அவள் மடியில். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சர்க்கரையைத் தட்டிவிட்டு இறங்கி, "நான் பஸ்ல வரேன். நீங்க சாமானை ஏத்திக்கிட்டு வாங்க" என்றாள்.

"சாமான்தான் நிக்க மாட்டேங்குதே" என்றேன்.

"சாமானே நிக்காத எடத்துல நான் எப்படிங்க நிக்கிறது?"

அன்றிலிருந்து பயணப் பேச்சே இல்லை. வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த பயண வரைபடத்தை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள் மச்சான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து அந்தத் தட்டுகளைப் பிடுங்கிப் போடுங்கள். ரம்பம், டிரில், சுத்தியல் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போய்விடுங்கள். இனி ஆயுசுக்கும் மரத்தைத் தொட மாட்டேன், இது சத்தியம். வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் நம்பிக்கையை இழந்தவன்

பின்குறிப்பு: அண்ணா, இது நான். தபாலில் போடச் சொல்லி அவர் கொடுத்த கடிதத்தை மூணு நாள் பையிலேயே வச்சிருந்தேன். அவர் மத்தியானம் குறட்டை விடும்போதெல்லாம் நானும் தையல்காரரும் வேனில் வேலை செய்தோம். சட்டைக் கழுத்து வெட்டுற மாதிரி சுவர் வளைவைத் தையல்காரர் அட்டையில் வெட்டிக் கொடுத்தார், அதை வச்சு நான் பலகையை அறுத்தேன். ரசமட்டத்தைத் தூக்கி ஓரமா வச்சுட்டு, வேன் தரையிலிருந்து அளந்து அடிச்சேன். வாணலி இப்போ அசையவே மாட்டேங்குது. வரைபடத்தையும் அலமாரியிலிருந்து எடுத்து வேன்ல வச்சாச்சு. ஆனா இவர்கிட்ட ஒண்ணும் சொல்லலை, ஆசையா ஆரம்பிச்ச மனுஷன். காலையில் தட்டுகளைத் தடவிப் பார்த்துட்டு, "பாத்தியா, நல்ல மரம்னா நாள்பட நாள்படத் தானே படிஞ்சு நேராயிடும்"னு சொல்றார். இப்போ கட்டில் செய்ய அளவெடுத்துக்கிட்டிருக்கார். ஞாயிறு வரைக்கும் காத்திருக்காதே அண்ணா, கடிதம் கிடைச்ச அன்னைக்கே வா. ரம்பத்தை அலமாரியில் என் புடவைகளுக்கு அடியில் ஒளிச்சு வச்சிருக்கேன்.