ராக்கெட் சொல்லச் சொன்னான்

நாய் வளர்க்கிறவர் வேறு. நாய்க்காகப் பேசுகிறவர் வேறு. முதலாமவர் வீட்டுக்கு நீங்கள் போனால் நாய் குரைக்கும், அவர் அதட்டுவார், விஷயம் முடிந்தது. இரண்டாமவர் வீட்டில் நாய் உங்களை ஏற இறங்கப் பார்க்கும். அதற்குப் பின்னாலிருந்து மூக்கடைத்த குழந்தையின் குரல் ஒன்று வரும். "வாங்க மாமா, ஊர்லேருந்து எப்ப வந்தீங்க? எனக்கு என்ன வாங்கிட்டு வந்தீங்க?" நீங்கள் யாருக்குப் பதில் சொல்வீர்கள்? பேசிய அறுபது வயது மீசைக்கா, வாலாட்டுகிற நாய்க்கா? அனுபவசாலிகள் குனிந்து நாய்க்கே சொல்லிவிடுவார்கள்.

இந்த இனம் எங்கள் பக்கம் பெருகியது கேபிள் டிவி வந்த பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம், கறிச்சோறு தின்றுவிட்டு ஊரே சாய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, தமிழில் டப்பிங் செய்த நாய்ப்படம் ஒன்று போடுவார்கள். நாய் பேசும். பேசுவதோடு நிற்காமல் விண்கலம் ஓட்டும், வேற்றுக்கிரகத்து ஆட்களோடு பேச்சுவார்த்தை நடத்தும், பூமியைக் காப்பாற்றிய கையோடு பிரிந்து கிடந்த புருஷன் பெண்டாட்டியையும் சேர்த்து வைத்து, எல்லோரும் கேக் வெட்டும்போது கடைசி வசனத்தையும் தானே சொல்லும். நாய் விண்கலம் ஓட்டுவதில் எங்கள் ஊர் ஒரத்தநாட்டில் யாருக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. அங்கே உரக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா கிளமென்டுக்கு மட்டும் ஒரு குறை.

"சந்திரனுக்குப் போற நாய்டா. அது எதுக்கு மெட்ராஸ் பாஷை பேசுது? நம்மளாட்டம் ஒழுங்கா பேசினா என்ன?"

சித்தப்பாவும் சித்தி செபஸ்தியம்மாளும் கல்யாணமான நாளிலிருந்து நேருக்கு நேர் பேசிக்கொண்டது குறைவு. சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். பல வீடுகளில் அதுதான் நடைமுறை. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "உங்கம்மாகிட்ட என் கண்ணாடி எங்கன்னு கேளு." நடுவில் நின்று தபால் கொடுத்தவள் மகள் ஆஷ்லின். அவள் கம்ப்யூட்டர் படித்து, கல்யாணமாகி, கனடாவுக்குப் போய்விட்டாள். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்ட மேதைகள் எவ்வளவோ யோசித்திருப்பார்கள். இந்த வேலைக்கு ஆள் இல்லாமல் போகும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. சில நாள் வீட்டில் சத்தமே இல்லை. சோறு ஆறியது. கண்ணாடி கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாய்ப்படம் முடிந்ததும், வாசற்படியில் படுத்திருந்த நாட்டுநாய் ராக்கெட்டைப் பார்த்தபடி சித்தப்பா மூக்கால் பேசினார்.

"அம்மா, அப்பாவுக்கு டீ வேணுமாம்."

அடுக்களையிலிருந்து பதில் வந்தது. "பால் திரிஞ்சு போச்சுன்னு சொல்லு ராக்கெட்டு."

பணி நியமனம் முடிந்தது.

பிறகு ராக்கெட் கடைக்கும் வந்தான். கலியபெருமாள் என்றொரு விவசாயி, யார் பேச்சையும் நம்பாதவர். அவரே உரமூட்டைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இந்த வருஷமாச்சும் மேட்டூரை நேரத்துக்குத் தொறப்பாங்களா ராக்கெட்டு?" என்று கேட்டதை, அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்த நான் கண்ணால் பார்த்தேன். "தொறப்பாங்கண்ணே. நம்ம வாய்க்காலுக்குத்தான் வராது." மந்திரி சொன்னால் சிரிக்கிற மனிதர், நாய் சொன்னதும் குறுவையைக் கைவிட்டு சம்பாவுக்கு விதைநெல் விசாரித்தார்.

ஊரில் கால்நடைக் கல்லூரி வேறு இருக்கிறது. ராக்கெட்டைக் கூட்டிப்போனபோது அங்கே ஒரு டாக்டர், "என்ன செய்யுது?" என்று வழக்கம்போலக் கேட்டார். "நெஞ்சு எரியுது சார். ஏப்பமா வருது" என்றான் ராக்கெட். டாக்டர் நாயின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அப்புறம் சித்தப்பாவின் வயிற்றைப் பார்த்தார். "இதுக்கு ஒண்ணுமில்ல. நீங்க வடையைக் குறைங்க."

சித்தப்பாவுக்கு விஞ்ஞானத்தின் மேல் அபார நம்பிக்கை. நாயின் கழுத்தில் மாட்டினால் அதன் மனதில் உள்ளதைத் தமிழில் சொல்லும் பட்டை ஒன்றை அமெரிக்காவிலிருந்து நான் வாங்கி வர வேண்டும் என்றார். அப்படி ஒன்று கிடையாது என்றேன். "படத்துல காட்டினானே?" என்றார். சித்தி உள்ளேயிருந்தபடியே, "ராக்கெட்டு, பட்டை வந்துட்டா உங்கப்பாவுக்கு வேலை போயிடும்னு சொல்லு" என்றார்.

இந்த நிலையில்தான் ஆஷ்லினுக்குப் பிரசவம் நெருங்கியது. சித்திக்கு விசா வந்தது. ஆறு மாதம். "கடையை யாரு பாக்குறது?" என்று சித்தப்பா பாஸ்போர்ட்டே எடுத்திருக்கவில்லை. ராக்கெட் ஓய்வில்லாமல் உழைத்தான்.

"அம்மா, கனடாவுல மூக்கே உறைஞ்சு போயிடுமாம்."

"ஸ்வெட்டர் வாங்கியாச்சுன்னு சொல்லு."

"அம்மா, எனக்கு யாரு சோறு வைப்பா?"

"உங்கப்பா கையில என்ன கொப்புளமா?"

நாய் உண்மையில் சொல்லவேண்டிய வாக்கியம் எதுவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது சித்தப்பாவின் மூக்கு வரை வரும், தும்மலாகத் திரும்பிவிடும். புறப்படுவதற்குள் அதைச் சொல்லவைத்துவிட வேண்டும் என்று அவர் நினைத்தது, கிளம்புகிற காலையில் ராக்கெட்டைக் குளிப்பாட்டிச் சங்கிலி போட்டு நிறுத்தியிருந்ததிலேயே தெரிந்தது.

திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகும் கார் வாசலில் நின்றது. கருவாடும் இட்லிப் பொடியும் அடைத்த பெட்டிகளை ஏற்றிவிட்டோம். சித்தி காரின் கதவில் கை வைத்தார். சித்தப்பா தொண்டையைச் செருமி, மூச்சை மூக்குக்கு மாற்றினார். சரியாக அந்த நேரத்தில், மீன் விற்கும் நீலாயதாட்சியின் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு தெருவைக் கடந்தது. ராக்கெட் ஒரே உதறலில் கழுத்தை உருவிக்கொண்டு அதன் பின்னால் பறந்தான். பெயருக்கேற்ற காரியம் அவன் செய்தது அன்று மட்டும்தான்.

படமாக இருந்தால் நாய் திரும்பி வந்திருக்கும். அது ஒரத்தநாடு, வண்டியில் மத்தி மீன். சித்தப்பா கையில் வெறும் சங்கிலி, வாய் திறந்தபடி. டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

மூக்கிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, சீக்கிரம் வந்துடுங்க. அப்பாவுக்கு உங்களைத் தேடும்."

சித்தி சித்தப்பாவைப் பார்க்கவில்லை. குனிந்து, சங்கிலி முனையில் நாய் இருக்கவேண்டிய வெற்றிடத்தைப் பார்த்தார்.

"டிக்கெட்டை முன்னாடி தேதிக்கே மாத்திக்கலாமாம். மாத்திக்கிறேன்னு சொல்லு." காரில் ஏறி உட்கார்ந்தவர், கண்ணாடியை இறக்கி மறுபடி அந்த இடத்தைப் பார்த்தார். "அதுக்குள்ள அந்த மனுஷனைப் பாஸ்போர்ட்டு எடுக்கச் சொல்லு."

"சரிம்மா" என்றது சங்கிலி.

தெருமுனையில் ராக்கெட் மீன் தலையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். வீட்டில் நாய் இல்லை என்கிற தைரியம். சரி, போன ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் முகம் பார்த்து ஊருக்குப் பேசினீர்களே, அப்பாவிடம் மழையையும் ரத்த அழுத்தத்தையும் விசாரித்து முடித்த பிறகு பேச ஒன்றுமில்லாமல், மடியிலிருந்த பிள்ளையைத் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, "தாத்தா, எனக்கு உங்களைத் தேடுது தாத்தா, அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றோம் தாத்தா" என்று மழலையில் பேசியது யார்? பிள்ளை பிஸ்கட்டை அல்லவா கடித்துக்கொண்டிருந்தது?

இதை நானாகக் கேட்கவில்லை. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய்க்கு அனுமதி கிடையாது. ஒரு தொட்டியில் மீன் வளர்க்கிறேன். அதுதான் கேட்கச் சொன்னது.