சட்டையில் பால் வாசம்

ஆம்பளைக்கு உடம்பில் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் வெயில் என்பான். அடுத்து சாப்பாடு என்பான். அதற்கடுத்து பேய். டாக்டர் என்று மட்டும் வாயில் வராது. நான் பேய் வரைக்கும் போய் வந்தவன்.

எனக்கு லாரி வேலை. மலேசியாவில் பீடோர் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். பால்மரம் எல்லாம் போய் இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கிற செம்பனை. குலையை ஏற்றிக்கொண்டு போய் மில்லில் கொட்ட வேண்டும். செம்பனைக்குள் பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். எனக்குப் பயம் கிடையாது. பிறந்ததே அங்கேதான்.

முதலில் தாடி நின்றது. தினமும் செய்த சவரம், வாரத்துக்கு ஒரு தடவை போதும் என்றானது. பிளேடு மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். (புத்தி அவ்வளவுதான்.) தலைவலி வந்தது. வெயில் என்றேன். மத்தியானமே தூக்கம் சொக்கியது. சாப்பாடு என்றேன். மனைவி சரோஜா பக்கம் திரும்பிப் படுக்கவும் தோன்றவில்லை. அதற்கு நான் பேர் வைக்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிறகு அந்தப் பொம்பளை வந்தாள்.

பட்டப்பகல். லாரி பக்கத்தில் நின்று வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறாள். மூஞ்சி முழுக்க வெள்ளை. கையில் சாக்கு. வந்ததை நான் பார்க்கவே இல்லை. கயிற்றைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். ஆள் இல்லை.

அப்புறம் அடிக்கடி வந்தாள். எப்போதும் அதே மாதிரி. திடீரென்று இருப்பாள், திடீரென்று இருக்க மாட்டாள். காலையில் லாரி டயருக்குப் பக்கத்தில் கல் உப்பு சிதறிக் கிடக்கும். யாரோ எனக்குச் செய்வினை வைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வீட்டிலும் சரியில்லை. வாசக்கால் வந்து தோளில் இடித்தது. சரோஜாவின் தம்பி செல்வம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். பேசினால்தான் இருக்கிறான் என்று தெரியும்.

ஒருநாள் துணி துவைக்கும்போது சரோஜா என் சட்டையை மூக்கில் வைத்தாள்.

"இது என்ன ஈரம்?"

"வேர்வை."

"வேர்வை பால் வாசம் அடிக்குமா?"

நான் சட்டையைப் பிடுங்கி வாளிக்குள் போட்டேன்.

"பச்சப்புள்ளக்காரியா? யாரு அவ?"

எவளும் இல்லை. கொஞ்ச நாளாக எனக்கே நெஞ்சு வீங்கி வலித்தது. அழுத்தினால் நனைந்தது. இதைப் பொண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது? வேறொருத்தி இருக்கிறாள் என்று ஒத்துக்கொள்வதே சுலபமாகத் தெரிந்தது. பிள்ளை பெற்றுச் செத்த எவளோ செம்பனைக்குள் அலைகிறாள், அந்த வெள்ளை மூஞ்சிதான் எனக்குள் இறங்கிவிட்டாள் என்று முடிவு கட்டினேன்.

சரோஜா சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை முனி கோயிலுக்கு வாங்க. சூடம் அடிச்சு சத்தியம் பண்ணுங்க. இல்லன்னா நான் தெலுக் இந்தான்ல எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப மாட்டேன்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் அது சத்தியம். பொய் சொல்கிறவன் முனி முன்னால் கை ஓங்க மாட்டான். எங்கள் பக்கத்தில் அப்படித்தான்.

உச்சி நேரம். தோட்டத்தில் மிச்சமிருக்கும் ஒரே பால்மரத்தடியில் முனி. சாமியாடுகிறவர் கோவிந்தண்ணே. (மற்ற நாளில் டவுன் கிளினிக்கில் ஜாகா, காவல்காரர்.) உடுக்கை அடித்தார்கள். அண்ணனுக்கு இறங்கிவிட்டது. வாயில் சுருட்டு, கண் சிவந்து, என் முன்னால் வந்து நின்றார். காற்றே இல்லை. ஓர் இலை அசையவில்லை.

"மச்சான், அடிங்க!" செல்வத்தின் குரல். சூடத்தட்டு அவன் கையில். அவன் எனக்கு வலது பக்கம் நின்றான். எனக்கு வலது பக்கம் என்று ஒன்றே இல்லை. நேராகத் தெரிந்த நெருப்பு ஒன்றுதான். ஓங்கி அடித்தேன்.

அது கோவிந்தண்ணே வாயிலிருந்த சுருட்டு.

உடுக்கை நின்றது. முனியைக் கன்னத்தில் அறைந்தவன் அந்தத் தோட்டத்தில் அதுவரை யாரும் இல்லை. சாமி என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. பட்டன் தெறித்தது. கையில் ஈரம் பட்டது. கையைப் பார்த்தது. என் நெஞ்சைப் பார்த்தது. ஓரடி பின்னால் போனது.

"யாருடி நீ?"

"மாணிக்கம், சாமி. லாரி ஓட்டுறேன்."

அப்போது ஒரு பொம்பளை சிரித்தாள். எங்கிருந்து என்று தெரியவில்லை. நிற்காமல் சிரித்தாள்.  வந்துவிட்டாள் என்று நினைத்தேன். தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்தேன்.

சரோஜா. தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர் ஓடுகிறது.

"அய்யோ, உங்களுதா? வேற எவளும் இல்லையா?"

சாமி மலையேறியதும் கோவிந்தண்ணே கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். "நாளைக்குக் காலையில கிளினிக்குக்கு வந்துருலா. நம்பர் எடுத்து வைக்கிறேன்."

"முனி சொல்றாரா அண்ணே?" என்றான் செல்வம்.

"நான் சொல்றேன்லா. முனி போயிட்டாரு."

கிளினிக்கில் சின்ன வயசு லேடி டாக்டர். சவரம், தலைவலி, படுக்கை எல்லாம் கேட்டார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். சரோஜா ஒன்று விடாமல் பதில் சொன்னாள். டாக்டர் என் முகத்துக்கு இரண்டு பக்கமும் கையை நீட்டினார்.

"விரல் ஆடுறது தெரியுதா?"

"எந்த விரல்?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். உடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள், குழாய்க்குள் படுக்கவைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். மூளைக்கு அடியில் ஒரு சுரப்பியாம். அதில் ஒரு கட்டி. புற்று இல்லை. ஆனால் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ஏறி, ஆம்பளை ஹார்மோன் இறங்கிவிட்டது. கட்டி கண் நரம்பையும் அழுத்தி, இரண்டு பக்கப் பார்வையையும் மறைத்துவிட்டது.

"தாடி குறையுறது, ஆசை போறது, நெஞ்சு வீங்குறது, எல்லாம் உடம்பு சொன்ன சேதிதான்," என்றார் அங்கிருந்த டாக்டர். "ஆம்பளைங்க வெட்கப்பட்டு மறைச்சிடுறாங்க. இன்னும் விட்டிருந்தா கண்ணு போயிருக்கும். மாத்திரையிலேயே சுருங்கும். ஆனா லாரியைத் தொடக்கூடாது."

பேய் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். லாரி போனால் நான் என்ன?

மாத்திரை சாப்பிட்டேன். தோட்டத்தில் மிச்சம் இரண்டே பால்மரம், ஒன்று முனிக்கு, இன்னொன்று மச்சான் என்று செல்வம் ஊரெல்லாம் சொன்னான். சொல்லட்டும். சட்டை காய்ந்தது. பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. தாடியும் வந்தது. ஒரு காலையில் சரோஜா என் கன்னத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தாள். அன்று ராத்திரி நான் அவள் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

டாக்டர் சம்மதித்த பிறகு லாரி எடுத்தேன். முதல் நாளே அவளைப் பார்த்தேன். இந்தத் தடவை தூரத்திலிருந்தே பார்த்தேன். மரத்துக்கு மரம் குனிந்து உதிரிப்பழம் பொறுக்கி வருகிறாள். இந்தோனேசியாக்காரி. மூஞ்சியில் வெயிலுக்குப் பூசிய அரிசிமாவு.

கும்பிடு போடலாம் என்று இறங்கினேன். அவள் சாக்கைப் போட்டாள். இடுப்பிலிருந்து ஒரு பிடி எடுத்து என் மேல் வீசினாள். கல் உப்பு.

கூட வந்திருந்த செல்வம் மலாயில் பேசி விஷயத்தை வாங்கினான். எத்தனையோ தடவை பக்கத்தில் வந்து நின்று கையைக் காட்டினாளாம். நான் அசையவில்லையாம். ஒருநாள் அவள் காலுக்கு ஒரு சாண் தூரத்தில் லாரியை விட்டுக்கொண்டு போனேனாம், தலையைக்கூடத் திருப்பாமல். அதற்கப்புறம்தான் டயரடியில் உப்பு போட ஆரம்பித்தாளாம். "ஹந்து," என்றாள், என்னைக் காட்டி. பேய்.

அன்றைக்கு அந்த டயரைக் குனிந்து பார்த்தேன். உப்புக்குப் பதில் அங்கே அவளே கிடந்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகு ஏறி ஓட்டினேன்.

இப்போதும் சோறு போடும்போது சரோஜா கேட்பாள். "உப்பு போதுமா, இல்ல அந்தம்மாகிட்ட வாங்கியாரவா?" வீடே சிரிக்கும்.

அந்தம்மா இப்போது என்னைப் பார்த்தால் கையசைக்கிறாள். ஒரு கையால்தான். இன்னொரு கை இடுப்பிலேயே இருக்கிறது.