விக்கெட் கீப்பருக்கு மஞ்சள் வைத்த வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு எல்லாம் கெட்டது. நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பத்தரைக்கு ராகு காலம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று என் மனைவி மல்லிகா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். இன்றைக்கும் வீட்டில் யாராவது மஞ்சள் கிண்ணத்தைக் கையில் எடுத்தால் நான் முதலில் போய் பீரோவைப் பூட்டிவிடுகிறேன். ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் கறாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், பேரம் என்ற ஒன்றே இல்லாமல் வாழ்ந்து காட்டிக்கொண்டிருக்கும் ஒரே மனிதர் கறார். விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை வைத்திருக்கிறார். கடைப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'விலை கறார்' என்று பலகையில் எழுதியதால் ஊர் அதையே அவர் பெயராக எடுத்துக்கொண்டது. உண்மையான பெயர் அவர் ரேஷன் கார்டுக்குத் தெரியும்.

அடுத்தவர் குறைத்தாலும் அவருக்குப் பிடிக்காது. ஒருநாள் காய்க்காரம்மா இவர் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, கேட்காமலேயே கத்திரிக்காயில் கொஞ்சம் விலை குறைத்துவிட்டார். கறார் பையைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு நின்றார்.

"அப்ப மொதல்ல சொன்னது பொய்யா? நீ சொன்ன விலையை நீயே நம்பல. நான் எப்படிம்மா உன் கத்திரிக்காயை நம்பறது?"

"யோவ், குறைச்சிக் குடுத்ததுக்கு இம்மாம் பேச்சா? உன்னோட பேஜாரா பூடுச்சிய்யா!"

பெண் பார்க்கப் போன கதை இன்னும் சுருக்கம். தட்டில் இருந்த பஜ்ஜியைத் தொடுவதற்கு முன்பே, "எனக்குக் கோவம் வரும். முடி கொட்டும். கடை இதே சைஸ்ல தான் இருக்கும். இதுல ஒண்ணும் மாறாது" என்று அறிவித்திருக்கிறார். சபை விக்கித்துப்போய் உட்கார்ந்திருக்க, மணப்பெண், "காபி ஆறுது, குடிங்க" என்றாராம். அதோடு நிச்சயம் முடிந்தது.

ஜெராக்ஸ் வயிற்றுக்கு. உயிர் என்னவோ கார்டில்தான். அந்தக் காலத்தில் பபுள்கம் பாக்கெட்டுக்குள் கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் படம் போட்ட சின்ன அட்டை ஒன்று வைத்துக் கொடுப்பார்கள். நாமெல்லாம் பபுள்கம்மை மென்றுவிட்டு அட்டையை சைக்கிள் சக்கரத்தில் சொருகிப் படபடக்கவிட்டு நாசம் செய்தோம். நாசமாகாமல் தப்பித்த அட்டைகளை இன்றைக்குத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மும்பையில் உள்ள ஒரு ஏல நிறுவனத்தின் இணையதளத்தில் அவற்றை விற்கலாம். அங்கே இரண்டு வழி. ஒன்று ஏலம். இன்னொன்று, விற்கிறவர் ஒரு விலை போட்டு வைக்க, வேண்டியவர் ஒரே அமுக்கில் வாங்கிக்கொள்ளும் சந்தை. கறார் எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஏலத்துல விட்டா கூடப் போவுமே அண்ணே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"மரக்காணத்துல மீனை ஏலம் உடறான். ஏன்? வெயில் ஏறினா நாறும். ஜல்தியா தள்ளியாவணும். கார்டு நாறுமா சார்? வேணும்னு ஒருத்தன் பொறந்து வளந்து வர்ற வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கும்."

அவர் தளத்தில் எழுதும் விவரக் குறிப்பைப் படிப்பதற்கென்றே ஆட்கள் உண்டு. எல்லோரும் பெருமையைச் சொல்லி விற்பார்கள். இவர் குறையிலிருந்து ஆரம்பிப்பார். 'இடது மூலை எறும்பு கடித்த அளவுக்கு மழுங்கல். பின்பக்கம் யாரோ பேனாவால் தன் பெயரை எழுத ஆரம்பித்து, முதல் எழுத்தோடு மனம் மாறியிருக்கிறார். பேட்ஸ்மேன் அவுட் ஆகப்போகிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிகிறது.'

கார்டு வெளியே இருந்தால் கடையில் ஃபேன் ஓடாது. விழுப்புரத்து மே மாதத்திலும் ஓடாது. எச்சில் தெறிக்கும் என்பதால் கார்டைப் பார்த்துக்கொண்டு யாரும் பேசக்கூடாது. சுவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். புதிதாக வந்தவர்கள், ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் மனிதர்களைக் கண்டு வேறு ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுவார்கள்.

பஸ்ஸில் கார்டு கொண்டுபோனால் அதற்கும் சீட்டு எடுப்பார். திண்டிவனத்தில் ஏறி "விழுப்புரம் ரெண்டு" என்றார் ஒருநாள். பக்கத்து இருக்கையில் ஒரு டப்பா. எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையோடு ஏறிய அம்மா உட்காரப் போக, "ஆள் வருது" என்று தடுத்துவிட்டார். கண்டக்டர் தேடினார்.

"இன்னொருத்தரு எங்கய்யா?"

கறார் டப்பா மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு சுழற்பந்து வீச்சாளர்.

"இவருக்கு அரை டிக்கெட் போதாதா?"

"வயசு நாப்பது ஆவுது. ஃபுல்லே குடு."

இப்படிப்பட்டவரிடம்தான் என் மகள் கயல் போய்ச் சேர்ந்தாள். விழுப்புரத்தில் கல்லூரியில் படித்தபோது சான்றிதழ் நகலெடுக்கப் போனவள், ஃபேன் ஓடாத கடையில் வியர்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். படிப்பு முடிந்தது. வங்கித் தேர்வு எழுதுவாள் என்று நான் புத்தகங்களை வாங்கி அடுக்கினேன். அவள் பூதக்கண்ணாடி வாங்கினாள். "மாமாவும் நானும் சேந்து பண்றோம்ப்பா" என்றாள். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் அரைத்தூக்கம். இந்தக் கார்டு வியாபாரம் படுத்துவிட வேண்டும் என்று நான் மயிலம் முருகனிடம் வேண்டாத வாரமில்லை.

போன மாதம் அவள் தன் சொந்தப் பெயரில் தளத்தில் சேர்ந்தாள். புதிதாகச் சேர்கிறவருக்குப் பழைய விற்பனையாளர் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். கறார் நின்றார். முதல் விற்பனையே குறை சொல்லித் திரும்பி வந்தால் புதியவர் கணக்கும் மூடப்படும், ஜாமீன் நின்றவர் கணக்கும் மூடப்படும். அதுதான் விதி. கயல் போட்ட முதல் சரக்கு, தாவிப் பந்தைப் பிடிக்கும் ஒரு விக்கெட் கீப்பர். கறாரிடம் இருந்ததிலேயே நல்ல கார்டு, அவரே அவளுக்குக் கொடுத்தது. 'நான்கு மூலையும் கூர்மை. கறை இல்லை. விலை கறார்' என்று அவள் எழுதியிருந்தாள். இந்த வியாபாரத்தில் மூலைதான் எல்லாம். மூலை கெட்டால் கார்டே போச்சு. கறாரின் கடைக்கூரை மழைக்கு ஒழுகும் என்பதால் அது திண்டிவனத்தில் எங்கள் வீட்டு பீரோவில் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் யாரோ வாங்கிவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே கயல் கறாரைக் கூட்டிவர விழுப்புரம் கிளம்பிப் போனாள். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். கூடத்துக்கு வந்தபோது சாமி படத்தின் முன்னால் வெற்றிலைமேல் விக்கெட் கீப்பர் படுத்திருந்தார். உறையைக் கழற்றியாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல நான்கு மூலையிலும் மஞ்சள். நெற்றியில் குங்குமம்.

"மல்லிகா!"

"இன்னாத்துக்குக் கத்தறீங்க? பொண்ணுக்கு மொத வியாபாரம். வெறுங்கார்டாவா அனுப்பறது?"

கறாருக்கு போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டவர் இரண்டே கேள்வி கேட்டார்.

"நீங்க தொட்டீங்களா?"

"இல்லண்ணே."

"ஃபேன் ஓடுதா?"

"ஓடுது."

"நிறுத்துங்க." போனை வைத்துவிட்டார்.

கயலோடு வந்து சேர்ந்தவர், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கார்டைச் சுற்றி வந்தார். துக்க வீட்டில் மாலையோடு சுற்றுவதுபோல இருந்தது. மல்லிகாவுக்கு அப்போதுதான் லேசாகப் பயம் வந்தது.

"கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கறதில்லையாண்ணே?"

கறார் சுவரைப் பார்த்துச் சொன்னார். "வைப்போம்மா. பத்திரிகையை யாரும் பூதக்கண்ணாடி வச்சிப் பாக்கறதில்ல."

"குங்குமமாவது நேரா இருக்குதா?"

அவர் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பொய் சொல்ல வராத மனுஷன். "நட்ட நடுவுல இருக்குது."

கயல் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே துப்பட்டாவுக்குள் நடந்தது.

நான் உதவி செய்யப் பார்த்தேன். "ரப்பர் வச்சி அழிச்சா?"

"சார், நீங்க கொஞ்சம் உக்காருங்க."

"வெலையைக் குறைச்சி…"

அவர் பார்த்த பார்வையில் நான் தானாகவே உட்கார்ந்தேன்.

கடைசியில் கயல் வாங்கியவருக்கு எழுதினாள். 'நான்கு மூலையிலும் மஞ்சள் உள்ளது. நெற்றியில் குங்குமம். இரண்டும் இன்று காலை என் அம்மா வைத்தது. படம் இணைத்துள்ளேன். வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள்.' வேண்டாம் என்றால் அவளும் கணக்கை மூட வேண்டும், கறாரும் மூட வேண்டும். பதில் ஒரே வரியில் வந்தது. 'ஞாயிறு காலை நேரில் வந்து பார்க்கிறேன்.'

எத்தனையோ வாரம் நான் முருகனிடம் கேட்டது இதோ கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அந்த இரண்டு நாளும் நான் அவரிடம் வேறு மாதிரி பேச வேண்டியதாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கறார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மும்பையிலிருந்து கோட்டு போட்ட யாரோ பெரிய காரில் வந்து இறங்கப் போகிறார் என்று நான் தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா துணிப்பையோடு இறங்கினார்.

"கார்டு விக்கறவங்க வீடு இதுதானுங்களா? திருவெண்ணெய்நல்லூர்ல இருந்து வர்றேன்."

மின்விசிறியை நிறுத்தினோம். அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஐந்து பேருக்கும் வியர்த்து வழிந்தது. அப்போதுதான் கறார் வாயைத் திறந்தார். சுவரைப் பார்த்துக்கூட இல்லை, நேராக அந்த அம்மாவைப் பார்த்தே.

"அம்மா, வெலையை நீங்களே சொல்லுங்க. இன்னா குடுத்தாலும் சரி. பொண்ணோட மொத வியாபாரம், திரும்பி மட்டும் வரக்கூடாது."

கயல் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். மல்லிகா சமையல்கட்டு வாசலில் காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். சூரியன் மேற்கில் உதித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி வந்திருக்காது.

அந்த அம்மா நிமிர்ந்தார்.

"நான் காலேஜுல கீப்பிங் பண்ணிக்கினு இருந்தவ. வெயில்ல குனிஞ்சி குனிஞ்சி இடுப்பே போச்சி. கைதட்டெல்லாம் பௌலருக்குத்தான். ஒரு கீப்பருக்கு யாரோ பொட்டு வச்சி அனுப்பறாங்கன்னு படிச்சதும் பாத்தே ஆவணும்னு வந்தேன். வெலையை ஏன் மாத்தறீங்க? கறார்னு போட்டிருந்திச்சி, அதனாலதான் தைரியமா அமுக்கினேன். பேரம் பேசணும்னா எனக்கு வாயே வராதுங்க."

கறார் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பேசுவதற்காக அல்ல.

விக்கெட் கீப்பர் மஞ்சளும் குங்குமமுமாக அந்த அம்மாவின் துணிப்பையில் திருவெண்ணெய்நல்லூர் போனார். மதியம் கறாரை வழியனுப்ப பஸ் நிலையம் வரை போனேன். கையில் டப்பா இல்லை. ஆனாலும் பழக்கத்தில் "விழுப்புரம் ரெண்டு" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையைப் பார்த்து விழித்தார். நான் ஏறி அதில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு எனக்கு விழுப்புரத்தில் ஒரு வேலையும் இல்லை.